ஏழு தேர்வுகளும் ஓர் அடிக்குறிப்பும்

சேரப்பணஞ்சேரி,
9 பிப்ரவரி 2025, ஞாயிறு.

அன்புள்ள பூர்ணிமா,

இன்று எனக்கு எழுபத்து மூன்று ஆண்டு, நான்கு மாதம், பதினொரு நாள். வயதைத் தோராயமாகச் சொல்கிறவர்களை மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் திருத்தியவள் நான். என் வயதை உன் மாமா புருஷோத்தமன் எண்பதுக்குப் பக்கம் என்று போகிற இடமெல்லாம் சொல்லிவைப்பதால் தேதியோடு எழுதிவிடுகிறேன். நான் நலம். இந்தச் சொல்லுக்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு, அது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, இப்போதே அங்கே தாவாதே. கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு வழியை எழுதிய பிள்ளை நீ என்பதை நான் மறக்கவில்லை. நீயும் நலமாக, நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு உறங்கி இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். மறுக்கும் சான்று எதுவும் என் கைக்கு வரவில்லை.

இக்கடிதத்தை ஜெபர்சன் கொண்டுவருகிறான். ஒரகடத்து ஆலையில் உனக்குக் கீழே வேலை பார்த்தவன், இப்போது உன் மெக்சிகோ ஆலையில் புது உற்பத்தி லைன் பூட்ட ஆறு வாரம் வருகிறான். வியாழக்கிழமை விமானம். அவன் மனைவி லிடியா மாங்காய்த் தொக்கு, கறிவேப்பிலைப் பொடி, நார்த்தங்காய் என்று பெட்டியை நிரப்பியதில் அவனுடைய சட்டைகளுக்கே இடமில்லை, என் உறை ஒன்றுதான் எடையின்றிப் போகிறது. வாட்ஸப்பில் எழுதியிருக்கலாமே என்பாய். அதில் அனுப்பிய பிறகும் அழிக்கலாம். உன்னிடம் சொல்ல வேண்டியவற்றுள் ஒன்றை நான்கு முறை அதில் தட்டச்சிட்டு நான்கு முறையும் அழித்தேன். காகிதத்தில் அந்த வசதி இல்லை, அதனால்தான் காகிதம். வரிகள் இடப்பக்க ஓரத்தில் ஏறியும் இறங்கியும் தொடங்கினால் இப்போதைக்கு மேசையைக் குறை சொல்.

முதலில் நிலைமையைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். மார்ச் பன்னிரண்டு இங்கே புறப்பாடு, வழியில் ஒரு விமானம் மாற்றம், பதின்மூன்றாம் தேதி காலை மெக்சிகோ நகரம். அன்றைக்கென்று பார்த்து உன் ஆலைக்கு வாடிக்கையாளரின் தணிக்கை. நீ விமான நிலையத்துக்கு வர இயலாது, நானே மூன்று மணி நேரப் பேருந்தில் உன் கெரெத்தாரோவுக்கு வந்து சேரவேண்டும். ஒரு வார்த்தை ஸ்பானிய மொழி அறியாத தாயார் அதைச் செய்வாளா என்று உனக்கு ஐயம். ஆகவே ஏழு செயலிகளின் பட்டியலை அனுப்பி, பிப்ரவரி பதினைந்துக்குள் ஏழையும் எவர் துணையும் இல்லாமல் கையாண்டு காட்டினால் மார்ச், தேறாவிட்டால் டிசம்பரில் நீயே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போவதாக விதித்தாய். பெற்றவளுக்குத் தகுதித் தேர்வு வைத்த மகள் இந்த வட்டாரத்தில் நீ ஒருத்திதான். ஆனால் சோதிக்காமல் எதையும் நம்பாதே என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நானே என்பதால் மேல்முறையீடு செய்யவில்லை. எனக்கு டிசம்பர் வேண்டாம், மார்ச்தான் வேண்டும். ஏன் என்பது பிறகு.

மாடிப் போர்ஷனுக்கு அக்டோபரில் குடிவந்த மரிசோலைப் பற்றி உனக்குத் தெரியும், உன் ஆலையிலிருந்து இங்கே பயிற்சிக்கு அனுப்பியதே நீதானே. நீ எனக்குத் தேர்வு வைத்தாய், விடை திருத்துகிறவளையும் நீயே மாடியில் குடிவைத்திருக்கிறாய் என்பதைக் கவனிக்கவில்லை. மொழிபெயர்ப்புச் செயலியில் ஸ்பானிய மொழியை முழுக்க இறக்கிக்கொண்டு, இணையத்தை அணைத்துவிட்டு, பயணத்தில் தேவைப்படும் ஐம்பது வாக்கியங்களைத் தமிழிலிருந்து ஒரு முறையும் ஆங்கிலத்திலிருந்து ஒரு முறையும் மாற்றச் சொல்லி, அவளை மதிப்பெண் போடச் சொன்னேன். தமிழிலிருந்து போனவற்றில் முப்பத்தொன்று தேறின, ஆங்கிலத்திலிருந்து போனவற்றில் நாற்பத்தாறு. ஆகவே அங்கே நான் ஆங்கிலத்தில்தான் தட்டச்சிடுவேன். தாய்மொழிப் பற்றைப் பேருந்து நிலையத்தில் காட்டி வழிதவறுவது அறிவுடைமை ஆகாது. வாக்கியம் எட்டுச் சொல்லைத் தாண்டினால் செயலி உளறத் தொடங்குகிறது என்பதையும் கண்டுபிடித்தேன். உன் மாமாவுக்கு அந்தச் செயலியை ஒருபோதும் பரிந்துரைக்க முடியாது. அச்சிட்ட பலகையைக் கேமராவில் காட்டினால் அதுவே மாற்றித் தருவதும், மாற்றியதை உரக்கப் படிக்கச் சொல்வதும் எனக்கு மிகவும் பிடித்துவிட்டன. மரிசோல் சமையலறையில் வைத்திருக்கும் டப்பாக்களை எல்லாம் ஒரு பிற்பகலில் படித்து முடித்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில் அவள் ஓர் எச்சரிக்கை தந்தாள். மெக்சிகோவில் இறைச்சி வேண்டாம் என்றால் சரி என்று தலையாட்டிவிட்டுக் கோழியைக் கொண்டுவந்து வைப்பார்களாம், கோழியும் வேண்டாம் என்றால் பன்றிக் கொழுப்பில் தாளித்த பயறு வருமாம். இதில் வியக்க ஒன்றுமில்லை. போன மாதம் வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பரிமாறியவர், முட்டை சைவம்தானேம்மா, இன்னாத்துக்கு ஒதுக்கறீங்க, என்று என்னிடமே கேட்டார். ஆகவே இறைச்சி, கோழி, மீன், எலும்புச் சாறு, பன்றிக் கொழுப்பு என்று ஐந்தையும் பெயர் சொல்லி மறுக்கும் வாக்கியத்தைச் செயலியில் சேமித்ததோடு, அதைப் படம் பிடித்துக் கைபேசியின் முகப்பிலேயே வைத்துவிட்டேன். முருகன் இருந்த இடத்தில் இப்போது பன்றிக் கொழுப்பு இருக்கிறது. அவர் கோபித்துக்கொள்ளமாட்டார், பயணம் செய்து பழக்கப்பட்ட தெய்வம்.

வண்டி அழைக்கும் செயலியை ஒன்பது முறை சோதித்தேன். இங்கே வண்டியை உறுதிசெய்த மறு நிமிடம் ஓட்டுநர் அழைத்து, எங்கம்மா போணும், என்கிறார், படப்பை என்றால், நம்மளுக்கு அந்தாண்ட வராதும்மா கேன்சல் பண்ணிக்கோ, என்கிறார். மெக்சிகோவிலும் இப்படிக் கேட்டால் எந்த வாக்கியத்தைக் காட்டுவது என்று மரிசோலிடம் விசாரித்தேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை, போகுமிடம்தான் செயலியிலேயே தெரியுமே என்றாள். ஒன்பதில் நான்கு ஓட்டுநர்கள் வந்தார்கள். அந்தச் செயலியில் நான் தேறிவிட்டேன், ஓட்டுநர்கள்தான் தேறவில்லை. நிலநடுக்க எச்சரிக்கைச் செயலியின் ஒத்திகை ஒலியை ஒருநாள் மாடியில் முழு ஓசையில் ஒலிக்கவிட்டோம். பிணத்தையும் எழுப்பக்கூடிய ஊளை. எங்கள் தெருவில் ஒருவரும் தலை தூக்கவில்லை, எதிர்வீட்டுப் பெண் மட்டும் கணவனிடம், யோவ், கம்பெனி சங்கு ஊதிட்டான், நீ இன்னும் குளிக்காம கீற, என்று கத்தியது கேட்டது. பேருந்துச் சீட்டுச் செயலியில் என் இருக்கையை எடுத்துவிட்டேன், ஜன்னல் ஓரம், வலப்பக்க வரிசை. இ-சிம் என்கிற அட்டையில்லாத சிம்மை அதன் செயலியில் நானே ஏற்றினேன். இருக்குமிடத்தை உனக்குக் காட்டும் வசதியைப் பலமுறை முயன்றாயிற்று, நீயே தினமும் என் நீலப் புள்ளியைப் பார்த்து, அம்மா ஏன் ரேஷன் கடையில் ஒன்றரை மணி நேரம் நிற்கிறாய் என்று கேட்டுத் தொல்லைப்படுத்துகிறாய்.

எஞ்சியது வரைபடம். இணையமில்லாமல், தெரியாத இடத்திலிருந்து வழி கண்டுபிடித்து வருதல் என்று நீ எழுதியிருந்தாய். சேரப்பணஞ்சேரியைச் சுற்றி எனக்குத் தெரியாத இடம் எது? தொழிற்பேட்டையின் உட்சாலைகள்தான். அங்கே எல்லாச் சாலையும் ஒரே அகலம், எல்லா மதிலும் ஒரே உயரம், கடை இல்லை, கேட்க ஆள் இல்லை, வெளிநாட்டுக்கு ஈடான இடம் அதுவே. பிப்ரவரி ஒன்றாம் தேதி சனிக்கிழமை பிற்பகல் ஜெபர்சன் வண்டியில் ஏற்றி, நாலைந்து திருப்பம் திருப்பி, ஏதோ ஒரு மதில் ஓரத்தில் இறக்கிவிட்டான். நிபந்தனைகளை நானே கடுமையாக்கிக்கொண்டேன். இணையம் அணைக்கப்பட்டது. கைபேசியின் மொழி முழுவதும் ஸ்பானிய மொழிக்கு மாற்றப்பட்டது. மெக்சிகோவில் எனக்கு ஜெபர்சன் கிடைக்கமாட்டான் என்பதால் அவன் அழைத்தால் எடுப்பதில்லை என்றும் தீர்மானித்தேன், இந்த மூன்றாவது நிபந்தனையை அவனிடம் சொல்லவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் காத்திருப்பதாகச் சொல்லி, பார்த்து வாங்க ஆன்ட்டி, என்று போய்விட்டான்.

நீ சொன்னபடியே கடவுச்சீட்டுப் பையையும் கைபேசியையும் ஒரு நீலக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தேன். வரைபடத்தைப் பின்பற்றி முக்கால் மணி நேரம் நடந்து பெரிய சாலைக்கு வந்து, ஒரு வேப்பமர நிழலில் நின்று மூச்சு வாங்கியபோது மணி இரண்டேகால் இருக்கும். என் பிழை இங்கேதான் நிகழ்ந்தது. வேறு எந்த ஊரிலும் இது பிழையாகாது. கழுத்தில் ஆலை அடையாள அட்டை போல ஒரு கயிறு, தோளில் பை, காலில் கான்வாஸ் செருப்பு, இரண்டேகால் மணி, சாலையோரம். நம் வட்டாரத்தில் இப்படி நிற்கிறவர் யாராயினும் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்தான். ஒரு வெள்ளைப் பேருந்து தானாகவே வந்து என் எதிரில் நின்றது, கதவு திறந்தது, ஓட்டுநர், ஏறும்மா ஏறும்மா, டைம் ஆவுது, என்று விரட்டினார். ஊர்ப் பேருந்து எப்போது இவ்வளவு மரியாதை கற்றுக்கொண்டது என்று மகிழ்ந்து ஏறி உட்கார்ந்தேன். சீட்டுக் கேட்க எவரும் வரவில்லை, அது மகளிருக்கான இலவசப் பயணம் என்று அதற்கும் ஒரு விளக்கத்தை நானே தயாரித்துக்கொண்டேன். படித்தவர்களிடம் இது ஒரு குறை, தவறு நடக்கும்போதே அதற்கு நியாயம் எழுதி முடித்துவிடுவோம்.

பக்கத்து இருக்கையில் இருந்த பெண், பெயர் சௌந்தர்யா, இருபத்திரண்டு வயதிருக்கும், என்னை மேலும் கீழும் பார்த்து, புதுசாம்மா நீ, எந்த லைன்ல போட்டுக்கீறாங்க, ஹவுஸ் கீப்பிங்கா, என்று கேட்டாள். நான் முதுகலைப் புள்ளியியல் என்றேன். அது இன்னா பில்டிங்மா, என்றாள். அந்த நேரம் கைபேசியைப் பார்த்தேன். இணையம் இல்லாவிட்டாலும் நீலப் புள்ளி நகரும் என்று நீ எழுதியது உண்மை. நகர்ந்தது, ஆனால் வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில், சிங்கப்பெருமாள் கோயிலை நோக்கி, மிகுந்த ஊக்கத்துடன். சௌந்தர்யாவிடம் சொன்னேன். அவள் எழுந்து, அண்ணே, பாட்டி ராங் பஸ்ஸுல ஏறிடுச்சு, என்று கூவ, பேருந்தே திரும்பிப் பார்த்தது. நடுவில் நிறுத்தினால் பஞ்ச் லேட்டாகி அத்தனை பேருக்கும் அரைநாள் போகும் என்றார் ஓட்டுநர். நாற்பது பேரின் அரைநாளுக்கு நான் பொறுப்பேற்க முடியாது என்பதால், ஆலை வரைக்கும் போங்கள் என்று சொல்லிவிட்டேன். வழி முழுக்க அந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். மகளைப் பார்க்க மெக்சிகோ போகிறேன், அதற்கு ஒத்திகை என்றேன். பின்னிருக்கைப் பையன் ஒருவன், அதுக்கு இந்தாண்ட வழி இல்ல பாட்டி, மீனம்பாக்கம் அந்தாண்ட, என்றான். பேருந்து சிரித்தது, நானும்தான்.

மறைமலை நகர் ஆலை வாசலில் பாதுகாப்புக்கு இருந்தவர் சாம்சன் என்பவர். கான்ட்ராக்டா, கம்பெனியா என்றார். இரண்டும் இல்லை, ஓய்வு பெற்றவள் என்றேன். உள்ளே வந்த வண்டியில் வந்திறங்கியவளைப் பதிவேட்டில் ஏற்றாமல் வெளியே விட விதியில்லை என்றார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. யாரைப் பார்க்க என்ற இடத்தில் எவரையுமில்லை என்றும், நோக்கம் என்ற இடத்தில் தவறுதல் என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, வீட்டுக்கு வண்டி போட்டுத் தருவதாகச் சொல்லி என் கைபேசியை வாங்கிப் பார்த்தவர் திடுக்கிட்டு, இன்னாம்மா இது, போன்ல வைரஸ் பூந்துக்கினு கீது, ஒரு எழுத்தும் புரியல, என்றார். அது வைரஸ் இல்லை, ஸ்பானிய மொழி என்று விளக்கி, உதவியை மறுத்து, கைபேசியைத் திரும்ப வாங்கினேன். வரைபடத்தில் நம் வீட்டுக்கு முன்பே நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்தேன். அதை அழுத்தினேன். ஜி.எஸ்.டி. சாலைக்குப் பதினாறு நிமிட நடை என்றது. நடந்தேன். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து ஒரகடத்துக்கு ஒன்று, ஒரகடத்திலிருந்து நம் ஊருக்கு மூன்றாவது. கயிற்றைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தேன், அதன்பின் எந்தப் பேருந்தும் அழைக்காமல் நிற்கவில்லை. ஐந்து நாற்பதுக்கு வாசற்கதவைத் திறந்தேன். எவரிடமும் வழி கேட்கவில்லை. ஜெபர்சன் பதினேழு முறை அழைத்திருந்தான். தொழிற்பேட்டையை மூன்று சுற்று சுற்றிவிட்டு நம் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவன் என்னைக் கண்டதும், ஆன்ட்டி, அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்லியிருப்பேன், என்று ஏறக்குறைய அழுதான். லிடியா அவனைத்தான் திட்டினாள், என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதிலிருந்து அவளும் எனக்குத் தேர்ச்சி அளித்துவிட்டதாகக் கருதுகிறேன். ஆகவே வரைபடமும் தேறியது, உன் கயிற்று யோசனை தோற்றது. பையைப் புடவைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு வருவேன். அங்கும் ஆலைகள்தான், எனக்கு ஷிப்டு கொடுத்துவிடப் போகிறார்கள்.

மற்றச் செய்திகள். கிணற்று மோட்டார் மாற்றியாயிற்று. உன் அப்பா நட்ட எலுமிச்சை அவர் போய்ப் பதினோரு ஆண்டுக்குப் பிறகு இந்த முறைதான் ஒழுங்காகக் காய்த்திருக்கிறது, இருக்கும்போது காய்த்திருந்தால் அவர் பெருமை பேசியே என்னைக் கொன்றிருப்பார் என்று மரத்துக்குத் தெரிந்திருக்கிறது. மாமா புருஷோத்தமன் வாரம் ஒருமுறை வந்து, அக்கா இந்த வயசுல தனியா அவ்ளோ தூரமா, நானும் கூட வரேன், என்கிறான். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் நடைமேடை மாறிப்போய்க் காட்பாடி வண்டிக்குப் பதில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறியவன் அவன். நீ எனக்குப் பதிவு செய்த சக்கர நாற்காலியை விமானச் செயலியில் நானே நீக்கிவிட்டேன். என் கால்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, அந்தச் சனிக்கிழமை நான்கு கிலோமீட்டர் நடந்தவை. உனக்குச் சொல்ல ஒன்று உண்டு: காலை உணவை வண்டி ஓட்டிக்கொண்டே சாப்பிடுகிறாயாம், மரிசோல் சொன்னாள். இரண்டில் ஒன்றைச் செய். தணிக்கையன்று உன் ஆலைப் பிள்ளைகள் செய்த பிழையை மறைக்காதே, எழுதி வைத்துக் காட்டு. பிழையை மறைக்காத ஆலையைத்தான் தணிக்கைக்காரர் நம்புவார்.

இதை உனக்கு எழுதிவிட்டு நான் மறைப்பது முறையல்ல. அடிக்குறிப்புக்கு வருகிறேன்.

உங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் மறுபுறம் ஓடுமாம். கடக்கும்போது நாம் வலப்பக்கம் பார்ப்போம், அங்கே முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டுமாம், வண்டி அங்கிருந்துதான் வருமாம். மரிசோல் இதைச் சொன்ன நாள்முதல் தினமும் காலையில் மொட்டை மாடியில் தலையை இடப்பக்கம் தோள் வரைக்கும் திருப்பி நடந்து பழகுகிறேன். மாமா அதைப் பார்த்துக் கழுத்து வலி என்று நினைத்துத் தைலம் வாங்கிவந்தான். கழுத்து வலியில்லை. எனக்கு இடக்கண்ணில் பார்வை கிடையாது. நீ மெக்சிகோவுக்குப் புறப்பட ஆறு வாரம் இருந்தபோது வலக்கண்ணில் தூசி விழுந்து அதைப் பொத்தினேன், எதிர்ச்சுவரும் அதில் மாட்டியிருந்த நாட்காட்டியும் இல்லாமல் போயின. காஞ்சிபுரத்தில் காட்டினேன். கண்ணில் அழுத்தம், போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார்கள். சொல்லியிருந்தால் நீ போயிருக்கமாட்டாய். போகாமல் இங்கேயே இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், அது என் கண்ணுக்கும் நல்லதில்லை, உன் வேலைக்கும் நல்லதில்லை. வீடியோவில் ஸ்டூடியோப் போட்டோ மாதிரி ஏன் எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருகிறாய் என்று மூன்று ஆண்டாகக் கேலி செய்கிறாய், அதற்குக் காரணம் இதுதான். இங்கே மாமாவுக்குத் தெரியாது, ஜெபர்சனுக்கும் தெரியாது. மரிசோல் மட்டும் வந்த இரண்டாம் வாரத்தில், நான் டம்ளருக்கு வெளியே தேநீர் ஊற்றியதைப் பார்த்து, டம்ளரை எடுத்து என் வலப்பக்கம் நகர்த்தி வைத்தாள். அதைப் பற்றி எந்தச் செயலியிலும் ஒரு சொல் கேட்கவில்லை. நாகரிகமான பெண்.

டிசம்பர் ஏன் வேண்டாம் என்பதும் இதில் அடங்கும். ஜனவரிச் சோதனையில் வலக்கண்ணின் பார்வைப் பரப்பும் சற்றுக் குறைந்திருக்கிறது. மூன்று ஆண்டின் மூன்று அளவீடுகளையும் கோட்டில் இணைத்தால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். மூன்று புள்ளிகளை வைத்துப் போக்கைக் கணிப்பது தவறு என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்தவள் ஒன்பது மாதம் காத்திருக்கமாட்டாள். விமானத்தில் போகத் தடையில்லை என்று மருத்துவர் எழுத்தில் கொடுத்திருக்கிறார், அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இதைத் தேர்வுக்கு முன்பே சொல்லியிருந்தால் நீ பட்டியலே அனுப்பியிருக்கமாட்டாய். இப்போது முடிவுகள் உன் கையில் இருக்கின்றன. மேலே எழுதிய ஏழும் ஒரே கண்ணால் பெற்றவை, ஆகவே செல்லுபடியாகும். இதற்குமேல் டிசம்பர் என்று நீ சொன்னால் தணிக்கை முறைப்படி அதற்குக் காரணம் எழுதித் தரவேண்டும்.

நோயில்லாமல் இரு, மனிதரோடு இரு, தொடங்கிய வேலையை முடித்துத் தலைநிமிர்ந்து நில், அம்மாவின் ஆசி இவ்வளவுதான், இது போதும். மறந்துவிடாதே, பதின்மூன்றாம் தேதி நாலு மணிக்குக் கெரெத்தாரோ பேருந்து நிலையத்தில் கூட்டத்தில் எங்காவது நின்று கையை ஆட்டாதே. இறங்கும் படிக்கு அருகில் எனக்கு வலப்பக்கமாக வந்து நில், முதலில் உன்னைப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்த பிறகு இடப்பக்கம் வந்துவிடு, சாலையைக் கடக்க வேண்டும்.

உன் அம்மா,
ஏலவார்குழலி